பள்ளிக்கூடத்தின் கடைசி வரிசைப் பணியாளர்களும் நம் கடமையும்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்தக் கூட்டத்தில் வழக்கமாகக் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, ரமலான் அரிசி ஆகியவை பற்றிப் பேசுவோம். இன்று வேறொரு விஷயத்தைப் பேச நிர்வாகக் குழு எங்களைப் பணித்திருக்கிறது. பேசி முடிக்கும்போது எங்கள் தவறு ஒன்றையும் உங்கள் முன் வைக்கப் போகிறோம். கடைசிவரை பொறுமையாகக் கேட்க வேண்டுகிறோம்.

இந்த ஆண்டு கல்வி உதவி விண்ணப்பங்களைச் சரிபார்க்க வீடு வீடாகப் போனோம். ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் பல விண்ணப்பங்களில் ‘பள்ளிக்கூட வேலை’ என்று எழுதியிருந்தது. டீச்சர் போலிருக்கிறது, இவர்களுக்கு எதற்கு உதவித்தொகை என்றுகூட எங்களில் ஒருவர் கேட்டார். நேரில் விசாரித்தபோது விவரம் தெரிந்தது. ஒருவர் சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர். ஒருவர் கழிப்பறை கழுவுகிறவர். ஒருவர் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா. ஒரு வீட்டில் வாப்பா இரவுக் காவலாளி. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களை நடத்திக்கொடுப்பவர்களில் இத்தனை பேர் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். ஆண்டு விழா மேடையில் இவர்கள் பெயரை யாரும் வாசிப்பதில்லை.

முதலில் சத்துணவுக் கூடத்தைப் பார்ப்போம். காமராஜர் காலத்தில் 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பிறகு முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. தமிழகத்தில் இன்று நாற்பதாயிரத்துக்கும் அதிகமான சத்துணவு மையங்கள் உள்ளன. திட்டத்தைத் தந்தவர்களைப் பற்றி எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம். அடுப்படியில் நின்று அதை நாள்தோறும் நடத்துகிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோமா?

ஒரு மையத்துக்கு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என மூன்று பேர் இருக்க வேண்டும். நாங்கள் சந்தித்த சகோதரி ஒருவரின் மையத்தில் சமையலர் ஓய்வு பெற்ற பின் அந்த இடம் நிரப்பப்படவில்லை. அமைப்பாளர் இன்னொரு பள்ளியையும் சேர்த்துப் பார்க்கிறார். ஆகவே அரிசி களைவது, காய் நறுக்குவது, உலை வைப்பது, முட்டை வேகவைத்து உரிப்பது, பரிமாறுவது, அண்டாவைக் கழுவிக் கவிழ்ப்பது எல்லாமே அந்த ஒரு பெண்ணின் வேலை. அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. “இடுப்புல பெல்ட் போட்டுக்கிட்டுதான் அண்டாவ எறக்குறேன்” என்றார்.

ஒருநாள் சாம்பார் இறக்கும்போது அவர் முழங்காலுக்குக் கீழே கொட்டிவிட்டது. வீட்டில் சமைக்கும்போது பட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னார்களாம். பள்ளியில் நடந்தது என்றால் விசாரணை வரும் என்ற பயம். அவரும் அப்படியே சொன்னார். வேலை நேரத்தில் நடந்த விபத்து என்று எங்குமே பதிவாகவில்லை. பன்னிரண்டு நாள் படுத்திருந்தார். அந்த நாட்களில் அவருடைய மகள் கல்லூரிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு உம்மாவுக்குப் பதிலாகப் போய்ச் சமைத்தாள். மகளுக்கும் அங்கே ஏதாவது நேர்ந்திருந்தால் யார் பொறுப்பு? இதற்கு எங்களிடமும் பதில் இல்லை.

இவர்களுடைய முதல் குறை ஊதியம். மற்ற அரசு ஊழியர்களைப் போன்ற காலமுறை ஊதியம் இவர்களுக்கு இல்லை. சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற தனிக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர் பணியிடங்களை நிரப்ப அரசு ஆணையிட்டது. காலி இடங்கள் நிரம்புவது மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வேலைக்கு முதல் ஓராண்டுக்குத் தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். ஒன்றிய அரசின் திட்டக் கணக்கில் சமையல் உதவியாளருக்கான மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய் என 2009இல் நிர்ணயிக்கப்பட்டு, நீண்ட காலம் மாறாமலே இருந்தது. அதுவும் ஆண்டில் பத்து மாதத்துக்குத்தான். அதற்கு மேல் மாநில அரசுகள் தங்கள் நிதியிலிருந்து சேர்த்துக் கொடுக்கின்றன. ‘மதிப்பூதியம்’ என்ற சொல்லையே கவனியுங்கள். சம்பளம் என்று சொன்னால் தொழிலாளர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இவர்களைத் தொழிலாளராக ஏற்க வேண்டும், குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அதை நிறைவேற்றக் கேட்டுத்தான் இன்றும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது குறை கைக்காசு. காய்கறி, மளிகை, எரிவாயு விலை ஏறும் வேகத்தில் ஒதுக்கீடு ஏறுவதில்லை. பணம் தாமதமாக வந்தாலும் பிள்ளைகளுக்குச் சோறு தாமதமாகக் கூடாது. அதனால் கடையில் கடன் சொல்லி வாங்குகிறார்கள். மாதச் சம்பளத்தில் பாதியைக் காய்கறிக் கடைக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டு நிற்கும் ஒரு பெண்ணை நாங்களே பார்த்தோம்.

மூன்றாவது குறை மரியாதை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே, பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண் சமைக்கக் கூடாது என்று சிலர் பள்ளியை முற்றுகையிட்டது நாடறிந்த செய்தி. அதை வாசித்துவிட்டு, அது ஊரார் பிரச்சினை, நம்மிடம் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் நம் பிள்ளைகள் கழிப்பறை கழுவும் அக்காவை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? “ஏய் ஆயா” என்று ஏழு வயதுப் பையன் அழைப்பதை நாங்கள் காதால் கேட்டோம். அந்தப் பையன் நம் மஹல்லாவைச் சேர்ந்தவன். ஒரே தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கும் சமுதாயம் என்று பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமை பள்ளிவாசல் படிக்கட்டோடு நின்றுவிடக் கூடாது.

தூய்மைப் பணியாளர்கள் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பள்ளிக்கூடமானாலும் மதரஸாவானாலும் பள்ளிவாசல் ஹவுளுப் பக்கத்துத் தொட்டியானாலும் சட்டம் ஒன்றுதான். “அடைப்பை மட்டும் கொஞ்சம் எடுத்துவிடுப்பா” என்று யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள். வண்டிக்குச் சொல்லுங்கள். செலவு சில ஆயிரம் ஆகும். உயிர் போனால் திரும்பாது.

பணியாளரின் பாதுகாப்பு வேறு, பிள்ளைகளின் பாதுகாப்பு வேறு என்று நினைக்க வேண்டாம். 2004 ஜூலை 16 கும்பகோணத்தை யாரும் மறந்திருக்க முடியாது. கூரை வேய்ந்த சமையல் கூடத்தில் எழுந்த தீ வகுப்பறைக் கூரைக்குப் பரவி 94 பிஞ்சுகளைக் கொண்டுபோனது. சமையற்கூடம் எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டிருந்தால், கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இருந்திருந்தால் என்று இன்றும் மனம் பதறுகிறது. அடுப்பின் முன் நிற்பவர் பயமில்லாமல் குறை சொல்லும் பள்ளிதான் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான பள்ளி.

இது நம் ஊரில் மட்டும் உள்ள நிலை அல்ல. பணக்கார நாடான அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் அரசுப் பள்ளி மாவட்டத்தில் 2023இல் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்தார்கள். அங்கே 2023 மார்ச் 21 முதல் 23 வரை பேருந்து ஓட்டுநர்கள், உணவுக்கூடப் பணியாளர்கள், துப்புரவாளர்கள், மாற்றுத்திறன் மாணவர்களுக்கான உதவியாளர்கள் என்று சுமார் 30,000 பேர் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 25,000 டாலர்தான் கிடைக்கிறது, அந்த ஊர் வாடகைக்கே போதவில்லை என்றது அவர்கள் சங்கம். ஆசிரியர்கள் வகுப்புக்குள் போகாமல் அவர்களுக்குத் துணையாக வாசலில் நின்றார்கள். 30 சதவீத ஊதிய உயர்வுக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. இங்கே நமக்குப் பாடம் அந்த ஆசிரியர்கள் நின்ற இடம்தான். கடைசி வரிசையில் இருப்பவர் தனியாகக் கேட்டால் யார் காதிலும் விழாது. முன்வரிசையில் இருப்பவரும் சேர்ந்து கேட்டால் விழும்.

சகோதரர்களே, இதுவரை அரசையும் ஊரையும் குறை சொன்னோம். இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

நம் அறக்கட்டளை நடத்தும் நர்சரி பள்ளியில் ஆசிரியைகளும் மற்றவர்களும் சேர்த்து 26 பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஏழு பேர் ஆயா, துப்புரவு, காவல், வேன் வேலைகளில் இருப்பவர்கள். அவர்களில் ஒருவர் பதினொரு ஆண்டுகள் நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் அவரை லாத்தா என்றுதான் அழைப்போம். போன வருடம் மழைக்காலத்தில் மாடிப்படி கழுவும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஜமாஅத்தில் அறிவித்தோம். ஒரே ஜும்ஆவில் 38,000 ரூபாய் சேர்ந்தது. கொண்டுபோய்க் கொடுத்தோம். “இனிமேல் உங்களால் முடியாது, வீட்டில் ஓய்வெடுங்கள்” என்று சொல்லி, சால்வை போட்டு, பைத்துல்மாலிலிருந்து இன்னுமோர் ஐயாயிரம் கொடுத்து அனுப்பினோம். லாத்தா அழுதுகொண்டே துஆ செய்தார்கள். நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவோடு திரும்பினோம். இதே இதழில் படத்தோடு செய்தியும் போட்டோம்.

ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது தணிக்கையாளர் ஒரு கேள்வி கேட்டார். “அந்த அம்மாவுக்குப் பணிக்கொடை கொடுத்தீர்களா?” எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம் பணிக்கொடை தர வேண்டும். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும். லாத்தாவின் சம்பளம் 6,500. ஆண்டுக்கு 3,750 வருகிறது. பதினொரு ஆண்டுக்கு 41,250 ரூபாய். முப்பது நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். தாமதத்துக்கு வட்டி உண்டு.

அத்தோடு முடியவில்லை. அவரை இ.எஸ்.ஐ.யில் பதிந்திருந்தால் நிர்வாகம் மாதம் கட்ட வேண்டியது சம்பளத்தில் 3.25 சதவீதம், அதாவது 211 ரூபாய். அவர் பங்கு 49 ரூபாய். பதிந்திருந்தால் சிகிச்சை முழுவதும் அங்கேயே நடந்திருக்கும். வேலையில் ஏற்பட்ட காயம் என்பதால், எழுந்து நடமாடும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைத்திருக்கும். 6,500 என்ற சம்பளமே நியாயமான சம்பளம் இல்லை என்பது தனிக் கதை. மாதம் 211 ரூபாயை நாங்கள் மிச்சம் பிடித்தோம். அதன் விலையை லாத்தா கொடுத்தார்கள், உங்களிடம் கையேந்தி வாங்கிய தர்மம் கொடுத்தது.

உரிமையாகத் தர வேண்டியதை உதவியாகத் தந்தோம். சம்பளக் கடனைத் தர்மக் கணக்கில் எழுதினோம். வேலை வாங்கியதற்கான கூலியை ஜகாத்தில் கழிக்க முடியாது என்று எங்களுக்குத் தெரியாமலா இருந்தது? கூலியைத் தாமதிக்கக் கூடாது என்று எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்! ஆயாவும் தொழிலாளிதான் என்று எங்கள் மனதில் படவில்லை. ‘நம்ம லாத்தா’ என்று அன்பாகக் கூப்பிட்டதே போதும் என்று இருந்துவிட்டோம்.

போன மாதம் நிர்வாகக் குழுவினர் லாத்தா வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னோம். பணிக்கொடையை வட்டியோடு பள்ளி நிதியிலிருந்து காசோலையாகக் கொடுத்தோம். வட்டி என்றதும் லாத்தா தயங்கினார்கள். தாமதித்ததற்காகச் சட்டம் எங்கள் மீது விதித்த தண்டம் என்று விளக்கினோம். “அப்ப இது என் காசா?” என்று கேட்டார்கள். ஆம் என்றோம். வேறொன்றும் பேசவில்லை. இந்த முறை படம் எடுக்கவில்லை.

குழு எடுத்த முடிவுகளை உங்களுக்கு அறிவிக்கிறோம். ஏழு பணியாளர்களுக்கும் எழுத்தில் பணி ஆணை தரப்படும். சம்பளம் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாது. ஐந்தாம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் போகும். அனைவரும் பி.எஃப்., இ.எஸ்.ஐ.யில் பதியப்படுவார்கள். கையுறை, ரப்பர் காலணி, வழுக்காத தரை விரிப்பு வாங்கியாகிவிட்டது. பெண் பணியாளர்கள் புகார் சொல்லப் பெண் தலைமையில் உள்ளகக் குழு அமைகிறது. நம் மதரஸா, பள்ளிவாசல் பணியாளர்களைத் தமிழக அரசின் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தில் சேர்க்கும் வேலையும் தொடங்கிவிட்டது.

இதற்கு மாதம் சுமார் 48,000 ரூபாய் கூடுதலாகத் தேவை. பள்ளியில் 320 பிள்ளைகள். பிள்ளைக்கு மாதம் 150 ரூபாய் கட்டணம் உயர்கிறது. “ஆயா சம்பளத்துக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?” என்று ஒரு பெற்றோர் கேட்டார். கோபமில்லாமல் பதில் சொல்கிறோம்: இத்தனை நாளும் அந்த 150 ரூபாயை உங்களுக்காக அந்த ஏழு குடும்பங்கள் கட்டிக்கொண்டிருந்தன. உண்மையிலேயே கட்ட முடியாத குடும்பங்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளின் கட்டணத்துக்கு வசதியுள்ளவர்கள் பொறுப்பேற்க முன்வந்திருக்கிறார்கள். யார் பெயரும் வெளியில் வராது.

அரசுப் பள்ளி, தனியார் பள்ளி வேலையில் இருக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். பணி ஆணை, சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம் மூன்றையும் நகல் எடுத்து வையுங்கள். வேலையில் அடிபட்டால் வேலையில் அடிபட்டது என்றே ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். சீட்டில் அப்படி எழுதச் சொல்லுங்கள். வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் இரண்டு லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. வேலையிடத்தில் தொல்லை என்றால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். உள்ளகக் குழு இல்லாத இடத்துக்கு மாவட்ட அளவில் குழு இருக்கிறது. பணிக்கொடை தர மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அரசுப் பணியில் உள்ளவர்கள் திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் முப்பது நாளில் பதில் வர வேண்டும். சங்கம் இருந்தால் சேருங்கள். எழுதத் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். ஞாயிறு தோறும் அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் மனு எழுதித் தர ஆள் இருக்கும். பணம் எதுவும் வேண்டாம்.

பெற்றோர்களுக்கு ஒரே வேண்டுகோள். நாளைக் காலை பிள்ளையைப் பள்ளியில் விடும்போது, கேட்டில் நிற்கும் காவலாளிக்கும் ஆயாவுக்கும் உங்கள் பிள்ளையைக் கொண்டு ஸலாமோ வணக்கமோ சொல்லவையுங்கள். அவர்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மதியம் சோறு போடும் அக்காவின் பெயர் என்ன என்று பிள்ளையிடம் சாயங்காலம் விசாரியுங்கள்.

நம் தவறுகளை அல்லாஹ் மன்னிப்பானாக. உழைப்பவரின் உரிமையை உழைப்பவரிடம் சேர்க்கும் மனதை நமக்குத் தருவானாக. லாத்தா இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார்கள். பூரண குணமடைய எல்லோரும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.